கறுப்புக் கண்ணாடி போட்டவரெல்லாம் சர்வாதிகாரியா?

அந்தப் படத்தை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "உலக ராணுவச் சர்வாதிகாரிகள்" என்று தலைப்பு, சீருடையில் பன்னிரண்டு பேர். சிலியின் பினோசே இருக்கிறார், உகாண்டாவின் இடி அமீன் இருக்கிறார், சரி. கீழ் வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக, கறுப்புக் கண்ணாடியும் இறுகிய முகமுமாக ஒருவர் இருக்கிறாரே, அவர் போர்த்துகலின் முன்னாள் ஜனாதிபதி, ஜெனரல் அந்தோனியு ரமால்யு இயானிஷ். "இவர் சர்வாதிகாரி இல்லை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்" என்று மரியாதையாகத்தான் எழுதினேன். "பட்டாளத்துக்காரனுக்கு வக்காலத்தா?" என்று கேட்டார்கள். "ராணுவ ஆட்சி வேண்டுமாம் இவருக்கு" என்றார்கள். படத்தைப் பகிர்ந்தவர் பத்து வருடமாக என்னோடு பழகுகிறவர். பதில் சொல்லாமல் என் பின்னூட்டத்தையே நீக்கிவிட்டார். மற்றவர்கள் திட்டியதைவிட அதுதான் வலிக்கிறது. அதனால் என் பக்கத்திலேயே எழுதுகிறேன், யாரும் நீக்க முடியாது.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அதிகாரம் அந்த மனிதர் கைக்கு வந்தது, அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்சியைக் கவிழ்த்து ஜனாதிபதி ஆனவர் இல்லை அவர். 1976 ஜூன் 27ஆம் தேதி மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், 61 சதவீதத்துக்கு மேல். 48 வருடச் சர்வாதிகாரம் 1974இல் முடிந்த பிறகு அந்த நாடு கண்ட முதல் ஜனாதிபதித் தேர்தல் அது. 1980 டிசம்பரில் மறுபடியும் நின்றார், 56 சதவீதம் வாங்கினார். அடுத்த ஆண்டு முப்படைத் தலைமைத் தளபதி பதவியையும் விட்டார். இரண்டு தவணை முடிந்ததும், 1986 மார்ச் 9 அன்று சோஷலிஸ்ட் தலைவர் மாரியு சுவாரிஷிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு இறங்கினார். சுவாரிஷுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. ஆனாலும் ஓட்டு அவருக்கு விழுந்தது, நாற்காலி அவருக்குப் போனது. 60 வருடத்தில் அங்கே தேர்தலில் வென்று வந்த முதல் ராணுவம் சாராத ஜனாதிபதி சுவாரிஷ்தான். எந்தச் சர்வாதிகாரி இப்படிப் போனான், சொல்லுங்கள்.

போர்த்துகலிலிருந்து ஒரு ஜெனரல் படம் வேண்டும் என்றால் கார்மோனாவைப் போட்டிருக்கலாமே. 1926 மே மாத ராணுவக் கலகத்தில் எழுந்து வந்தவர், 1951இல் சாகும்வரை ஜனாதிபதி. பல பத்தாண்டுகள் நாட்டை ஆண்ட சர்வாதிகாரி சலசார் வளர்ந்தது அவர் நிழலில்தான். அதே நாட்டில் உம்பேர்து தெல்காது என்று இன்னொரு ஜெனரல். 1958 தேர்தலில் நின்றபோது, வென்றால் சலசாரை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். "வேறென்ன, பதவியிலிருந்து நீக்குவேன்" என்றார். 1965இல் ரகசியப் போலீஸ் அவரை ஸ்பெயின் எல்லைப் பக்கம் வரவழைத்துக் கொன்றது. அவரும் ஜெனரல்தான். சீருடையைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறவர்கள் இந்த மூன்று பேரையும் ஒரே தட்டில் வைக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். 2017 முதல் நான்கு வருடம் அமதோராவில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். லிஸ்பனின் ரொசியு ஸ்டேஷனில் சிந்த்ரா ரயில் ஏறினால் இருபது நிமிடம்போல. வீட்டுக்காரம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. 1975 நவம்பர் 25 அன்றும் அதே மூன்றாம் மாடியில்தான் இருந்தாராம். கமாண்டோப் படையின் முகாம் அந்த ஊரில்தான் இருந்தது. இடதுசாரிப் பக்கம் சாய்ந்த பாராசூட் படையினர் விமானத் தளங்களைப் பிடித்த நாள் அது. அவர்களை எதிர்த்து நடவடிக்கையை நடத்தியவர் இயானிஷ், நடத்திய இடம் அமதோரா.

அந்த அம்மா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. கவச வண்டிகள் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாம். உள்நாட்டுப் போர் என்று நினைத்துக் குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, நான்கு வயது மகனைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தாராம். தொலைக்காட்சியில் கலகக்காரர் பக்கத்துக் கேப்டன் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒளிபரப்பு போர்த்து நகர நிலையத்துக்கு மாறி டேனி கே நடித்த நகைச்சுவைப் படம் ஓடியது. "சிரித்தீர்களா?" என்று கேட்டேன். "அடுப்பில் சூப் அடிப்பிடித்ததுதான் ஞாபகம் இருக்கிறது" என்றார்.

மறுநாள் மூன்று ராணுவத்தினர் செத்தார்கள். அதோடு முடிந்தது. சிலியில் 1973இல் பினோசே ஆட்சியைக் கவிழ்த்தபோது நடந்தது இங்கேயும் நடக்கும், கம்யூனிஸ்டுகளை வேட்டையாடுவார்கள் என்று அந்த அம்மாவின் கணவர் பயந்துபோய் இருந்தாராம். அவர் கட்சி உறுப்பினர். வேட்டை நடக்கவில்லை. வென்ற அணியைச் சேர்ந்த மேலு அந்தூனிஷ் தொலைக்காட்சியில் வந்து, கம்யூனிஸ்ட் கட்சி இந்த நாட்டுக்குத் தேவை என்ற பொருளில் பேசினார். ஏழே மாதத்தில் ஜனாதிபதித் தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சியின் ஒக்தாவியு பாத்து இயானிஷை எதிர்த்து நின்றார். நவம்பருக்குப் பிறகு சிறையில் வைக்கப்பட்ட இடதுசாரி ராணுவத் தலைவர் ஒத்தேலுவும் நின்றார், நின்று இரண்டாவதாக வந்தார். தோற்றவன் வெளியே வந்து, வென்றவனை எதிர்த்து ஓட்டுக் கேட்கிறான். இதற்குப் பெயர் சர்வாதிகாரமா?

இனி வரப்போகிற கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் காலனிப் போரில் சண்டை போட்டவர்தானே? ஆமாம். கோவாவில் இருந்தார், மொசாம்பிக், கினி, அங்கோலா எல்லா இடத்திலும் இருந்தார். ஆப்பிரிக்கக் காலனிகளில் நடந்த அந்த 13 வருடப் போர் அநியாயமான போர். அதைக் கழுவ என்னிடம் தண்ணீர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1974இல் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்து அந்தப் போரை நிறுத்திய கேப்டன்களும் அதே ராணுவத்திலிருந்து வந்தவர்கள்தான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1978-79இல் தானாகப் பிரதமர்களை நியமித்தாரே? நியமித்தார், அரசியலமைப்பு அனுமதித்தது. முதலில் வைத்த நோப்ரி த கோஷ்தாவின் அரசை நாடாளுமன்றம் தோற்கடித்தது, அவர் போனார். மூன்றாவதாக வைத்த பிந்தாசில்கு, போர்த்துகலின் முதல் பெண் பிரதமர். ஜனாதிபதியாக இருந்துகொண்டே தன்னைச் சுற்றிக் கட்சி வளர விட்டாரே? அது தப்பு. 1985இல் 18 சதவீதம் வாங்கிய கட்சி, அவர் தலைமையில் 1987இல் 5 சதவீதத்துக்கும் கீழே போனது. தலைமையை விட்டு விலகினார். ஜனங்கள் வேண்டாம் என்றதும் போய்விட்டார் பாருங்கள், நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

2000இல் ராணுவத்தின் மிக உயர்ந்த மார்ஷல் பட்டம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றார். 2008இல் ஓய்வூதிய நிலுவை பத்து லட்சம் யூரோவுக்கு மேல் வரவேண்டியிருந்தது. சட்டப்படி அவருடைய பணம். அதையும் வேண்டாம் என்றார்.

2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு. நானும் வீட்டுக்காரம்மாவும் அடுக்களையில் இரண்டு மூலையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். இயானிஷ் பேட்டி கொடுத்தார், அப்போது அவருக்கு 85 வயது. எங்களைப் போன்ற வயதானவர்கள், தேவைப்பட்டால் எங்களுக்கான வென்டிலேட்டரை மனைவி, பிள்ளைகள் உள்ள ஓர் ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அந்த அம்மா கை வைத்திருந்த மேசைத்துணியை நீவி நீவி விட்டுக்கொண்டே இருந்தார். கணவர் காலமெல்லாம் அந்த மனிதருக்கு ஓட்டே போட்டதில்லை என்றார். அப்புறம், "இவர் சொன்னால் செய்வார்" என்றார்.

2021 ஜனவரியில், அங்கே கொரோனா உச்சத்தில் இருந்தபோது, அந்த அம்மா இறந்துபோனார். ஆஸ்பத்திரிக்குள் என்னை விடவில்லை. மகன் வந்து வீட்டைக் காலி செய்தபோது அலமாரி இழுப்பறையில் பழைய செய்தித்தாள் துண்டுகள் கிடந்தன. ஒன்றில் அதே கறுப்புக் கண்ணாடி, அதே இறுகிய முகம். கணவருக்குத் தெரியாமல் வெட்டி வைத்திருந்தாரோ என்னவோ. இப்போது அது என் மேசையில் இருக்கிறது.

நண்பரே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். என் பின்னூட்டத்தைத் திரும்பப் போட வேண்டாம். கீழ் வரிசை, இடமிருந்து இரண்டாவது. அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.