உணவுப் பொட்டலம் மட்டுமா?
2021 கொரோனா இரண்டாம் அலையில் தன்னார்வலர்கள் செய்தது பெரும்பாலும் உணவுப் பொட்டல விநியோகம்தான் என்று நான் படித்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் மகளிர் குழுப் பெண்கள் நான்கு பேர், விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஒரே ஒரு ஆக்சிமீட்டரை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் வீடு வீடாகப் போனார்கள். குறுவைக்கு நாற்றங்கால் வேலை நடந்த நேரம்; காய்ச்சலைச் சொல்லாமல் வயலுக்குப் போய் வந்தவர்களும் உண்டு. சேற்றிலிருந்து ஏறி வந்த கை ஜில்லென்று இருந்தால் அந்தக் கருவி சரியாகக் காட்டாது. முந்தானையால் விரலைத் துடைத்து, தேய்த்துச் சூடாக்கி, எண் ஒரு இடத்தில் நிற்கும்வரை காத்திருந்து நோட்டில் எழுதுவார்கள். 94-க்குக் கீழே போனால் குப்புறப் படுக்கவைத்துவிட்டு 108-க்குச் சொல்வார்கள். என் பெரியப்பா திண்ணையில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், மூச்சுத் திணறலே இல்லை. கருவி 88 காட்டியது. ‘எனக்கு ஒன்றுமில்லை, போங்கம்மா’ என்றவரை விடாமல் ஏற்றி அனுப்பினார்கள், பிழைத்து வந்தார். ஆக்சிஜன் குறைவது ஆளுக்கே தெரியாமல் போவதுதான் அந்த நோயின் கொடுமை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், பயிற்சி இல்லாதவர்கள் இதில் தலையிடக் கூடாது என்கிறார். சரி, பயிற்சி வேண்டும்தான். இவர்களுக்கு எங்கள் கிராமச் செவிலியர் வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், அப்புறம் தினமும் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார்.