"பதினாலாம் பெட், டெங்கு, ஸ்டேபிள்"

குழந்தைகள் வார்டில் பிஜி-யாக, அதாவது மேற்படிப்பு படிக்கும் டாக்டராக, இருப்பதைப் பற்றி யார் எழுதினாலும் முப்பத்தாறு மணி நேர டியூட்டியில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அதைச் சொல்லிவிட்டே ஹேண்ட் ஓவருக்கு, அதாவது டியூட்டி முடியும்போது குழந்தையை அடுத்த டாக்டரிடம் ஒப்படைப்பதற்கு, நகர்கிறேன். அட்மிஷன் நாளன்று காலையில் உள்ளே போனால், மறுநாள் ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ் எல்லாம் முடித்து சாயங்காலம்தான் வெளியே வருகிறோம். எங்களைப் போன்ற ரெசிடென்ட் டாக்டர்களுக்குத் தொடர் வேலை பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. அப்போது நான் பிறக்கவேயில்லை. உத்தரவு இன்னும் காகிதத்தில் நலமாக இருக்கிறது.

"நாங்க மட்டும் தூங்கினோமா?" என்று கேட்கும் சீனியர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. குழந்தைகள் மருத்துவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும்.

டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் வார்டு நிரம்பிவிடும். நாலு நாள் கொதித்த காய்ச்சல் ஐந்தாம் நாள் ராத்திரி விடுகிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு மேடம், இப்பதான் தூங்குறான்" என்று அம்மாவின் முகம் தெளிகிறது. நமக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான். பாதத்தைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். பி.பி. 90/75. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவே 20-கூட இல்லை, அதுதான் ஷாக், உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை. அப்புறம் விடிய விடிய பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு; நீர் கசிந்தால் ஏறும்) பார்ப்பதும் டிரிப்பை ஏற்றுவதும் இறக்குவதும்தான். ஒன்றிரண்டு நாளில் கசிந்த நீர் ரத்தத்துக்குள் திரும்பி வரும். அப்போதும் பழைய வேகத்திலேயே டிரிப் ஓடினால் பிள்ளைக்கு மூச்சுத் திணறும். இதை ஒரே குழந்தையிடம் முதலிலிருந்து கடைசி வரை பார்த்தவருக்குத்தான் டெங்கு புரியும், பாதியில் வீட்டுக்குப் போகிறவருக்குப் பாதிதான் தெரியும் என்பது சீனியர்களின் வாதம். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முப்பத்தாறு மணி நேரம் நின்றாலும் அந்தக் கதை முடிவதில்லையே! நடுவில் யாரோ ஒருவரிடம் அந்தக் குழந்தையை ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறோம். எப்படி ஒப்படைப்பது என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. என் புகார் அதுதான்.

மற்றதெல்லாம் சொல்லித் தருகிறார்கள். குண்டுக் குழந்தையின் கையில் நரம்பைத் தேடி மஞ்சள் வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றும் சின்னக் குழாய் ஊசி) போடுவது, எடைக்கு எத்தனை மில்லிகிராம், தசமப் புள்ளி எங்கே என்பதெல்லாம் முதல் மாதத்திலேயே திட்டித் திட்டிப் பதிய வைத்துவிடுவார்கள். சேர்ந்த புதிதில், காய்ச்சலோடு வந்த ஒரு பிள்ளையின் கையைத் தூக்கி அக்குளைக் காட்டினார் ஒரு சீனியர் அக்கா. சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. ஸ்க்ரப் டைஃபஸ், ஒரு சின்னப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல். "இதைத் தேடிப் பார்க்காம டெஸ்ட் எழுதாதே" என்றார். இன்றுவரை மறக்கவில்லை.

ஹேண்ட் ஓவர் மட்டும் வராந்தாவில், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே. "பதினாலாம் பெட், டெங்கு, ஸ்டேபிள்." அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் விட்டது, பி.சி.வி. 38-லிருந்து 44-க்கு ஏறியது, டிரிப் இப்போது இந்த வேகம், நாலு மணிக்குக் கடைசியாக மூத்திரம் போனான், பத்து மணிக்கு மறுபடி பி.சி.வி. பார், அது இறங்கி மூச்சு வேகமானால் டிரிப்பைக் குறை. இவ்வளவும் சொன்னால் ஒரு நிமிஷம் ஆகுமா? சிஸ்டர்களைப் பாருங்கள். ஷிஃப்ட் மாறும்போது பெட் பெட்டாகப் போகிறார்கள், எமர்ஜென்சி டிராலியில் மருந்தை எண்ணிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பக்கத்திலேயே நின்றுகொண்டும் நமக்கு உறைக்கவில்லை.

இது என் தனிப்பட்ட ஆதங்கம் மட்டுமில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் மருத்துவ ரெசிடென்ட்களுக்கு ஒழுங்கான ஹேண்ட் ஓவரைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வெளியானது. மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. ஒப்படைக்க எடுத்த நேரம் கூடவில்லை. வாங்கிக்கொள்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு விதி. நம் ஊரில் கேட்பவர் கண் பாதி மூடியிருக்கும்.

மணி நேரத்தைக் குறைத்தாலே போதும் என்பவர்களுக்கும் ஒன்று. அமெரிக்காவில் ஆறு குழந்தைகள் ஐ.சி.யு.-க்களில் 24 மணி நேர டியூட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள், 2020-ல் முடிவு வெளியானது. கடுமையான தவறுகள் குறையவில்லை, கூடின! ஆராய்ந்து பார்த்தால், புதிய முறையில் ஒரு டாக்டர் தலையில் விழுந்த குழந்தைகளின் எண்ணிக்கை ஏறியிருந்தது. ஆள் போடாமல் நேரத்தை மட்டும் வெட்டினால் அதுதான் நடக்கும்.

ஆள் கேட்டால் நிதி இல்லை என்பார்கள். கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் காலை எட்டு மணிக்கு ஒரு அசிஸ்டென்ட் பேராசிரியர் இருபது நிமிஷம் வார்டில் நின்று, நாங்கள் ஒப்படைப்பதைக் கேட்டு, அக்குளைக் காட்டித் திட்டியதுபோல இதற்கும் திட்டலாமே. அதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

தீசிஸ் தலைப்பு கிடைக்காமல் அலையும் முதல் வருடத்தினர் யாராவது இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, எத்திக்ஸ் கமிட்டியும் அதிகம் குடைய மாட்டார்கள்.