முதலில் தொடர், அப்புறம் நாவல்

தென் கொரியாவில் நான் இருக்கும் சுவோனில் கிங்கோ மரங்கள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன. நடைபாதை முழுக்க அதன் பழம் விழுந்து நசுங்கிக் கிடக்கிறது. தெரியாமல் மிதித்துவிட்டால் செருப்பு வீடு வரைக்கும் நாறும். இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இலையுதிர் காலம் வந்துவிட்டது என்று ஒவ்வொரு வருடமும் எனக்கு முதலில் சொல்வது மூக்குதான்.

கொரியர்கள் இந்தக் காலத்தைப் 'படிக்கும் பருவம்' என்பார்கள். வானம் உயர்ந்து குதிரை கொழுக்கும் காலம் என்று ஒரு பழஞ்சொல்லும் உண்டு. ஊரிலிருந்து தோழிகள் சிலர் வழக்கம்போலக் கேட்டிருந்தார்கள்: "ரெண்டு நல்ல கொரியன் சீரியல் சொல்லு, படிக்க ஒரு புத்தகமும் சொல்லு." இந்த முறை பெரிய பட்டியல் தரப்போவதில்லை. ஒரு தொடர், ஒரு நாவல். இரண்டும் ஜேஜு என்ற ஒரே தீவைப் பற்றியவை. முதலில் தொடரைப் பாருங்கள், அப்புறம் நாவலைப் படியுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

தொடர், 2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்'. பலர் பார்த்திருப்பீர்கள். எழுதியவர் லிம் சாங்-சுன், இயக்கியவர் கிம் வோன்-சொக். ஐயுவும் பார்க் போ-கமும் நடித்திருக்கிறார்கள். இதன் கொரியத் தலைப்பு ஜேஜு வட்டார வழக்கில் இருக்கிறது. சியோல்காரர் காதுக்கு அது 'முழுசாக ஏமாந்துபோனீர்கள்' என்பதுபோல் கேட்கும். தீவுக்காரர்களுக்கோ 'ரொம்பப் பாடுபட்டீர்கள்' என்று பொருள். வேலை முடித்து வருகிறவரைப் பார்த்து மனம் நிறைந்து சொல்லும் வார்த்தை அது.

பதினாறு பகுதிகள். வாரத்துக்கு நான்காக, வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர் என்று நான்கு பருவமாகப் பிரித்து வெளியிட்டார்கள். ஒரே ராத்திரியில் உட்கார்ந்து முடித்துவிடாதீர்கள், தயவுசெய்து. வாரத்துக்கு நான்கு என்றே பாருங்கள். ஒரு முழு வாழ்க்கையைச் சொல்லும் கதை இது. நடுவில் அது நம் மனசுக்குள் கொஞ்சம் ஊற வேண்டும்.

கதை 1960 வாக்கில் தொடங்குகிறது. ஏ-சுன் என்ற சிறுமியின் அம்மா ஒரு ஹேன்யோ. மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கி சிப்பியும் கடல்பாசியும் எடுத்து வரும் ஜேஜுப் பெண்களை அப்படித்தான் சொல்வார்கள். 2016இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இவர்களின் வாழ்முறையைத்தான். மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள், அம்மாவை மட்டும் இன்னும் காணோம் என்று குழந்தை தவிக்கிறாள். அம்மாவைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும் அந்தச் சிப்பியைத் திட்டி ஒரு கவிதை எழுதுகிறாள். சிப்பி விற்றால் கிடைக்கிற நூறு ஹ்வானை (அன்றைய கொரியப் பணம்) தானே கொடுத்து அம்மாவின் ஒரு நாளை வாங்கிவிட வேண்டும், இடுப்பு வலியோடு இருமிக்கொண்டிருக்கும் அம்மா அந்த ஒரு நாளாவது படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் கவிதை. அதை அந்த அம்மா படிக்கும் காட்சியில், அம்மாவாக நடித்த யோம் ஹே-ரானின் முகத்தைப் பாருங்கள்.

இன்னொரு காட்சி. கல்யாணமாகி ஏ-சுன் புகுந்த வீட்டில் ஆண்களுக்கு ஒரு சாப்பாட்டு மேசை, பெண்களுக்குத் தனியாக இன்னொன்று. நல்லதெல்லாம் ஆண்கள் பக்கம். அவள் கணவன் க்வான்-சிக் ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, ஆண்கள் பக்கம் முதுகைக் காட்டிவிட்டு, மனைவியோடு சேர்ந்து சாப்பிடுகிறான். சண்டை இல்லை, வசனம் இல்லை, அரைவட்டம் திரும்புகிறான், அவ்வளவுதான். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்ட என் அம்மாவும் அத்தைகளும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தார்கள். சூசொக் என்ற அறுவடைத் திருநாள் விடுமுறையில் கீழ்வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்து அந்தக் காட்சியை மறுபடி பார்த்தேன். பாட்டி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார், காட்சி முடியும்வரை விடவில்லை.

சரி, இப்போது நாவலுக்கு வருகிறேன்.

தொடர் ஒரு விஷயத்துக்குள் போகவில்லை. 1948 ஏப்ரல் 3ஆம் தேதி ஜேஜுவில் ஒரு கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்குகிறோம் என்று ராணுவமும் போலீசும் வலதுசாரிக் குழுக்களும் இறங்கின. 1954 வரை நீடித்த அந்த வன்முறையில் 25,000 முதல் 30,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அன்றைய தீவு மக்களில் பத்தில் ஒரு பங்கு. கிராமம் கிராமமாகக் கொளுத்தினார்கள். ராணுவ ஆட்சிக் காலத்தில் இதைப் பற்றி வாய் திறக்க முடியாது. 1978இல் சிறுகதையாக எழுதிய ஹியோன் கி-யோங் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளானார். அரசின் சார்பில் ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டது 2003 அக்டோபரில்தான். ஏ-சுன் அந்த வருடங்களில் பிறந்த குழந்தை. அவளைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் எல்லாரும் அதைக் கண்ணால் பார்த்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பெரியவர்கள் பேசாமல் வைத்திருந்ததைத்தான் ஹான் காங்கின் 'வி டு நாட் பார்ட்' பேசுகிறது. கொரிய மொழியில் 2021இல் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2025 தொடக்கத்தில் கிடைத்தது. 'மரக்கறி' என்று தமிழில் வந்த நாவலை எழுதியவர் இவர்தான். 2024 அக்டோபர் 10 அன்று இவருக்கு நோபல் அறிவித்த சாயங்காலம் இங்கே பெரிய புத்தகக் கடைகளின் இணையதளங்கள் கூட்டம் தாங்காமல் முடங்கின. ஒரு வாரத்துக்குள் இவருடைய புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. பேருந்தில் எதிர் சீட்டில் ஒரு பள்ளி மாணவி, அடுத்த சீட்டில் ஒரு தாத்தா, இருவர் கையிலும் ஹான் காங். அந்த இலையுதிர் காலம் மறக்காது.

கதை எளிமையானது. சியோலுக்கு அருகில் இருக்கும் எழுத்தாளர் க்யோங்-ஹாவுக்குத் தோழி இன்-சொன்னிடமிருந்து செய்தி வருகிறது. மரவேலை செய்யும்போது ரம்பத்தில் விரல்கள் துண்டாகி மருத்துவமனையில் கிடக்கிறாள். ஜேஜுவில் அவள் வீட்டில் ஒரு சின்னக் கிளி தனியாக இருக்கிறது, உடனே போய் அதற்குத் தண்ணீர் வைக்க வேண்டும். க்யோங்-ஹா பனிப்புயலில் கிளம்புகிறாள்.

அந்த மருத்துவமனைப் பக்கங்களைப் படிக்கும்போது புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டேன். ஒட்டுப்போட்ட விரலில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியால் குத்துகிறார்கள். ரத்தம் வர வேண்டும், வலி தெரிய வேண்டும். காயம் மேலே காய்ந்து மூடிக்கொண்டால் உள்ளே நரம்பு செத்துவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மீதி நாவலையே படித்தேன். இன்-சொன்னின் அம்மா சிறுமியாக இருந்தபோது, பள்ளி மைதானத்தில் கிடந்த உடல்களுக்கு நடுவே தன் அக்காவோடு குடும்பத்தைத் தேடுகிறாள். முகங்களின் மேல் பனி உறைந்திருக்கிறது. ஒவ்வொரு முகமாகத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்கள்.

நாவலை முதலில் படித்துவிட்டால் தொடரின் மஞ்சள் வயலும் கமலா ஆரஞ்சுத் தோட்டமும் உங்களுக்குப் பாரமாகிவிடும். தொடரை முதலில் பார்த்தால் அந்தத் தீவின் மனிதர்கள் உங்கள் வீட்டு மனிதர்களாகிவிடுவார்கள். அப்புறம் நாவலில் சாகிறவர்கள் வெறும் எண்ணிக்கையாகத் தெரிய மாட்டார்கள். ஹான் காங் கடினம், நமக்கு ஒத்துவராது என்று ஒதுக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ஜேஜுவின் ஓர் அம்மாவைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் அந்த நாவல் கைபிடித்துக் கூட்டிப் போகும்.

இவ்வளவு கனம் வேண்டாம் என்பவர்களுக்கு 'அவர் அன்ரிட்டன் சியோல்' இருக்கிறது, பன்னிரண்டே பகுதி. இரட்டையர் இருவர் வாழ்க்கையை மாற்றிக்கொள்ளும் கதை. பார்க் போ-யோங் இரண்டு வேடத்திலும் பிரமாதம். புத்தகம் என்றால் ஹ்வாங் போ-ரும் எழுதிய ஹ்யுனாம்-தோங் புத்தகக் கடை நாவல், மழை நாளுக்கு ஏற்றது.

மூன்று வருடம் முன்பு நானும் ஜேஜுவுக்குச் சுற்றுலா போனேன். எரிமலை மேட்டில் படம் எடுத்தேன், ஹேன்யோ பாட்டிகள் கடலில் இறங்குவதைக் கைதட்டிப் பார்த்தேன். நான் வந்து இறங்கிய விமான நிலையத்தின் ஓடுபாதை ஓரத்தில் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் கிடைத்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது. தீவில் அந்த வன்முறையில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. அதன் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளைக் கல்லை எழுத்து எதுவும் பொறிக்காமல் படுக்கவைத்திருக்கிறார்கள். நடந்ததற்கு இன்னும் சரியான பெயர் வைக்கவில்லை என்பதால் அப்படி. பக்கத்திலேயே போயும் அன்று நான் உள்ளே போகவில்லை.

நவம்பர் இரண்டாவது வாரம் டிக்கெட் போட்டிருக்கிறேன். இந்த முறை முதலில் அந்தப் பூங்காவுக்குத்தான். கீழ்வீட்டுப் பாட்டி கமலா ஆரஞ்சு ஒரு பெட்டி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.