வீடு திரும்பும் சாலைக்கும் சேர்த்துத்தான் டயர்

நம் சொந்தக் கார்களைப் பந்தயத் தடத்தில் (டிராக்கில்) ஓட்டிய போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முழுவதுமாக விவரிக்கப் போவதில்லை. இருந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள்; இல்லாதவர்களுக்கு அன்று இரவே படங்கள் வந்து சேர்ந்துவிட்டன. யாராவது ஒருவர் அந்த டயர்களைப் பற்றிப் பேசுவார் என்று மூன்று நாட்கள் காத்திருந்தேன். எல்லோரும் வீடு திரும்பும் வழியில் விபத்தில் சிக்கிய அந்தத் தம்பியின் திறமையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். "மழையில் ஓட்டத் தெரியாதவன் டிராக்கிற்கு ஏன் வர வேண்டும்" என்று ஒருவர் எழுதிய வரிக்கு நாற்பது பேர் விருப்பக்குறி இட்டிருக்கிறீர்கள். அவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அவர் காலையில் வந்தபோது வண்டியில் இருந்தவை பள்ளத்தின் ஆழம் நன்றாக இருந்த, சாலைக்கான சாதாரண ஸ்போர்ட் டயர்கள். மதியம், பத்துப் பேர் முன்னிலையில், அந்த டயர்களை வைத்துக்கொண்டு டிராக்கிற்கு வருவது அவமானம் என்று அவரிடம் சொல்லப்பட்டது. மூன்று மணிக்குள் நம்மில் ஒருவரிடமிருந்து பழைய செமி ஸ்லிக் டயர்கள் (பள்ளங்கள் குறைந்த, டிராக்கிற்கான ஒட்டும் டயர்கள்) நான்கை வாங்கி மாட்டிவிட்டார். மாலை வீடு திரும்பும் வழியில் மழை பிடித்தது. தேங்கிய தண்ணீரில் வண்டி மிதந்து தடுப்பில் போய் மோதியது. மணிக்கட்டில் கட்டோடு தப்பித்தார். மதியம் நான் "வேண்டாம் தம்பி" என்று ஒரு முறை சொன்னேன். இரண்டாவது முறை, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லாமல் விட்டது என் தவறு. அந்தத் தவறைச் சரிசெய்யவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, ஓட்டிக்கொண்டே வீடு திரும்புகிற ஒருவர், டிராக்கை மட்டும் மனத்தில் வைத்து டயர் வாங்கக் கூடாது. திரும்பும் சாலை, அதில் பெய்யக்கூடிய மழை, அந்நேரத்துக் களைப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அவர் டயர் வாங்குகிறார்.

மதியம் நடந்த பேச்சு முழுவதும் ஓர் எண்ணைச் சுற்றியே ஓடியது. தம்பியின் டயரில் 300 என்று இருந்தது. மாட்டப்பட்ட டயரில் 100. எண் குறையக் குறையப் பிடிப்பு கூடும் என்பது நம்மிடையே வேதவாக்காகிவிட்டது. அது பிடிப்பைக் குறிக்கும் எண்ணே இல்லை. அமெரிக்க அரசின் யு.டி.கியூ.ஜி. தர முறையில் ட்ரெட்வேர் எனப்படும் அந்த எண் தேய்மானத்தை மட்டுமே குறிக்கிறது. டெக்சாஸ் மாநிலப் பொதுச் சாலைகளில் சுமார் 640 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றில், சாதாரண சாலை வேகத்தில், 7,200 மைல் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயரோடு வைத்துத் தேய்மானத்தைக் கணக்கிடுகிறார்கள். கிடைத்த கணக்கிலிருந்து எந்த எண்ணை அச்சிடுவது என்பதை டயர் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். அதே முறையில் ஏஏ, ஏ, பி, சி என்று தரப்படும் டிராக்‌ஷன் எழுத்து, ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடித்து அளக்கப்படுவது. வளைவில் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்த இரண்டில் எதுவும் சொல்வதில்லை.

எஸ்.சி.சி.ஏ. போன்ற அமெச்சூர் பந்தய அமைப்புகள் சாலை டயரில் ஓடும் தங்கள் ஸ்ட்ரீட் வகுப்புகளுக்கு 200 என்பதைக் கீழ் எல்லையாக வைத்த பிறகு, அந்த எல்லைக்கோட்டில் நிற்பதற்கென்றே டயர்கள் உருவாக்கப்பட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.இ.71.ஆர்.எஸ்., ஹான்குக் ஆர்.எஸ்.4 இரண்டிலும் 200 என்றே இருக்கிறது. முதலாவது சில சுற்றுகளிலேயே உச்சப் பிடிப்பைத் தந்து வேகமாகக் கரைவது. இரண்டாவது மணிக்கணக்கில் தாக்குப்பிடிப்பதற்காக விரும்பப்படுவது. ஒரே எண், இருவேறு குணம். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் 300, அதே நிறுவனத்தின் கப் 2 180, டோயோ ஆர்888ஆர் 100, நான்காங் ஏ.ஆர்.1 80 என்று பட்டியலை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் நம்மிடையே பலர். எந்த டயரில் ஈரச் சாலையில் வீடு திரும்பலாம் என்று அவர்களில் எத்தனை பேர் அன்று அந்தத் தம்பிக்குச் சொன்னீர்கள்?

இடித்த வண்டியிலிருந்து கழற்றிய டயர்களை நான் திங்கட்கிழமை மாலை போய்ப் பார்த்தேன். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 1417. அதாவது 2017ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்யப்பட்டவை. டயரின் தோள்பட்டையில், அதாவது மேற்பரப்பு பக்கச் சுவரோடு சேரும் ஓரத்தில், விரல் நகத்தை அழுத்தினேன், தடம் பதியவில்லை. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால், பள்ளங்களின் அடியில் வறண்ட ஏரித் தரையைப் போல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. ஆழம் அளக்கும் ஊசியை நடுப்பள்ளத்தில் வைத்தபோது 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நின்றது. தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரில் இருப்பதால், சட்டப்படி அது இன்னும் சாலை டயர்தான். சட்டம் அனுமதிக்கிறது என்பதை மழைக்கு ஏற்றது என்று நாம் எப்போதிலிருந்து புரிந்துகொள்ளத் தொடங்கினோம்? ஒரு புதிய சாலை டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். செமி ஸ்லிக்கில் பள்ளங்களே குறைவு. புதிதாக இருக்கும்போதே ஆழமும் குறைவு. தண்ணீர் வெளியேற வழியில்லாத டயர் தண்ணீரின் மேல் ஏறி நிற்கும்; அப்போது ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் யாராக இருந்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை.

இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. டிராக்கில் டயர் சூடேறும்போது காற்றழுத்தம் ஏறுகிறது. அதனால் ஓடி முடித்து வந்ததும் காற்றை இறக்கிவிடுகிறோம். அன்று மாலையும் அவருக்காக யாரோ ஒருவர், சூடாக இருக்கும்போதே 30 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிக் கொடுத்திருக்கிறார். வெப்பம் 6, 7 டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. இறங்கும். ஆறிய பிறகு, மழையில் நனைந்த சாலையில், அந்த டயர்களில் 24 இருந்தால் அதிகம். அழுத்தம் குறையக் குறைய டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கிளம்பும் முன் காற்றுப் பிடிக்கச் சொல்ல அங்கே ஒருவர் இல்லை. நானும் அந்த நேரத்தில் என் வீல் நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

இனி எனக்கு வரப்போகும் பதில்கள் தெரியும். "பிடிப்பு அதிகமாக இருப்பதுதான் பாதுகாப்பு" என்பது முதலாவதாக வரும். சாலையில், வழக்கமான வேகத்தில், திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அது உண்மை. டிராக்கில் நாம் யாரும் மிஞ்சிய பிடிப்பைச் சேமித்து வைப்பதில்லை. கிடைத்த பிடிப்பு முழுவதையும் வேகமாக மாற்றிவிடுகிறோம். வளைவில் வேகம் 10 சதவீதம் கூடினால் வண்டி சுமக்கும் ஆற்றல் 21 சதவீதம் கூடுகிறது. தவறு நடக்கும்போது மணலோ தடுப்போ அந்த ஆற்றலைத்தான் வாங்க வேண்டும். பிரேக்கும் அதே ஆற்றலைத்தான் சூடாக மாற்ற வேண்டும். டாட் 4 பிரேக் ஆயிலுக்குத் தர விதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 மட்டுமே. இரண்டு வருடப் பழைய ஆயிலோடு வருகிறவரின் வண்டியில் 100 எண் டயரை மாட்டிவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிடிப்பைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் உண்டு. டிராக்கில் என் இரண்டாம் வருடத்தில் நானும் கடன் வாங்கி மிக ஒட்டும் டயர்களை மாட்டினேன். நேரம் குறைந்தது, நான் கற்றுவிட்டேன் என்று நம்பினேன். ஒரு நாள் அந்த டயர்கள் தேய்ந்துபோய், வேறு வழியின்றிப் பழைய சாலை டயர்களோடு போனேன். முதல் வளைவிலேயே முன்பக்கம் அலறிக்கொண்டு நேராகப் போனது. பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்சியாளர் எதுவும் பேசாமல் ஸ்டீயரிங்கின் மேல் தன் கையை வைத்து, நான் திருப்பியதில் பாதியைத் திரும்பக் கொண்டுவந்தார். அலறல் நின்றது, வண்டி வளைந்தது. "இவ்வளவுதான் தேவை; மிச்சமெல்லாம் டயரைத் தேய்ப்பதற்கு" என்றார். வண்டியிலிருந்து இறங்கி முன் டயரைப் பார்த்தபோது, வெளி ஓரத்தில் ரப்பர் சுருண்டு சுருண்டு கிடந்தது. உள் ஓரம் அப்படியே புதிதாக இருந்தது. ஒரு வருடம் முழுவதும் நான் செய்துகொண்டிருந்த தவறை ஒட்டும் டயர் எனக்குச் சொல்லாமலே மறைத்திருந்தது. சாதாரண டயர் சீக்கிரம் அலறும், மெதுவாக நழுவும், நழுவிய பிறகும் பிடித்துக்கொள்ள நேரம் தரும். புதியவருக்கு அதைவிட நல்ல ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

"சாதாரண டயர் டிராக்கில் சூடேறிப் பிய்ந்துபோகும்" என்பது அடுத்த பதில். இது நியாயமான பதில். இதை மறுக்க மாட்டேன். முழு ஆழமுள்ள டிரெட் கட்டைகள் (பள்ளங்களுக்கு இடையில் நிற்கும் ரப்பர்) வளைவில் நெளிகின்றன, நெளிவதால் சூடாகின்றன, சூடேறினால் துண்டு துண்டாகப் பிய்கின்றன. கனமான வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதற்காகத்தான் நான்கைந்து சுற்றுக்கு ஒரு முறை மெதுவாக ஓட்டி ஆறவைக்கிறோம், வெளி ஓரத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு எதுவரை அழிகிறது என்று பார்க்கிறோம், கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, கொஞ்சம் கூட்டுகிறோம். இதையெல்லாம் செய்தும் ஒருவர் டயரைத் தின்றுகொண்டே இருந்தால், அப்போது அவர் அடுத்த படிக்குப் போகட்டும். மூன்றாவது முறையாக டிராக்கிற்கு வந்தவர் அந்த இடத்தில் இல்லை.

"தனியாக ஒரு செட் வீல் எடுத்து வந்து அங்கேயே மாற்றிக்கொள்ளலாமே" என்பவர்களுக்கு: வசதி உள்ளவர்கள் அப்படியே செய்யுங்கள், நல்லதுதான்.

நான்காவதாக ஒன்று வரும், அது எனக்கு முன்பே வந்துவிட்டது. "நீங்கள் மெதுவாக ஓட்டுகிறவர், அதனால் எல்லோரும் மெதுவாக ஓட வேண்டும் என்று நினைக்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய முதல் டிராக் நாளில், அவர் வண்டியில் வீல் நட்டு தளர்ந்திருந்ததைப் பார்த்து, நட்டை அளவான விசையில் முறுக்கும் என் டார்க் ரெஞ்சை எடுத்துக் கொடுத்து, முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி சரிபார்க்கச் சொன்னவன் நான். அதை அவர் மறந்திருக்கலாம். நான் பன்னிரண்டு வருடங்களாக ஒவ்வொரு ஓட்டத்திற்கும் முன்னும் பின்னும் அழுத்தம், தரை வெப்பம், டயரின் மூன்று இடங்களின் வெப்பம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டவர் யாருக்கும் அந்த நோட்டைக் கொடுக்க மறுத்ததில்லை. மெதுவானவன் என்ற பெயரை நான் சுமந்துகொள்கிறேன். ஆனால் ஒரு புதியவரைப் பத்துப் பேர் முன் கூசவைத்து, அந்தக் கூச்சத்தைப் பயன்படுத்தி, சொந்தக்காரரே மழையில் மாட்டிக்கொண்டு போகத் தயங்கும் டயர்களை அவர் தலையில் கட்டி அனுப்பிவிட்டு, பிறகு அவருக்கு ஓட்டத் தெரியாது என்று எழுதுவதை என்னால் சுமக்க முடியவில்லை. விற்றவரின் பெயரை எழுத மாட்டேன். அவர் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

நாம் எல்லோரும் ஒரு நாள் யாரோ ஒருவருடைய பொறுமையால்தான் இந்த இடத்திற்கு வந்தோம். என்னை முதன்முதலில் அழைத்துச் சென்றவர் என் வண்டியின் டயரைப் பார்த்துக் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "எப்போது வாங்கியது, காற்று எவ்வளவு, எவ்வளவு தூரம் திரும்ப வேண்டும்?" டயரின் பெயரை அவர் கேட்கவே இல்லை. அன்று அவர் கேலி செய்திருந்தால் நான் இரண்டாவது முறை போயிருக்க மாட்டேன்.

நேற்று இரவு தம்பி கூப்பிட்டார். வண்டியை இனி டிராக்கிற்கு எடுத்து வரலாமா வேண்டாமா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, அன்று மதியம் கழற்றிய தன் பழைய டயர்களையே மறுபடி மாட்டலாமா என்பது. நான்கு டயர்களின் தேதி எண்களையும், உள், நடு, வெளி ஓரங்களில் பள்ளத்தின் ஆழத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இன்று காலை வந்துவிட்டன. இரண்டு வருடம் ஆன டயர்கள், எல்லா இடத்திலும் 6 மில்லிமீட்டருக்கு மேல். மாட்டச் சொல்லிவிட்டேன். கட்டுப் பிரித்ததும் அவர் வருவார். அவருக்குப் பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன்.