அருமண் அரிதே இல்லை

போன வாரம் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைக் கழற்றி, அதிலிருந்த காந்தத்தோடு மகளையும் கூட்டிக்கொண்டு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனேன். காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி, அலை விட்டுப்போன கருமணலில் வைத்ததும் மணல் மீசை மாதிரி சிலிர்த்து ஒட்டிக்கொண்டது. ஒட்டியதில் பெரும்பகுதி இல்மனைட் என்ற, இரும்பும் டைட்டேனியமும் கலந்த கனிமம். "இந்தக் காந்தத்துல இருக்கிற நியோடைமியம்ங்கிற அருமண் தனிமம் இந்த மணலுக்குள்ளயும் இருக்கு" என்றேன். "அப்போ எதுக்குப்பா அதை அரிய மண்ணுன்னு சொல்றாங்க?" என்றாள்.

சரியான கேள்வி. பெயரே தப்பு என்பதுதான் என் கட்சி. 1787இல் ஸ்வீடனின் இட்டர்பியில் ஒரு கறுப்புக் கல் கிடைத்தது; முதல் அருமண் அதற்குள்தான் இருந்தது. அந்தக் காலத்தில் வேறெங்கும் கண்டதில்லை என்பதால் ஒட்டிய பெயர் இது. கண்டங்களின் மேலோட்டில் முக்கால் பங்குக்கு மேல் ஆக்சிஜனும் சிலிக்கானும்தான். மிச்சத்தில் அலுமினியம், இரும்பு, கால்சியம், சோடியம், பொட்டாசியம் எல்லாம் போக, ஒரு டன் பாறைக்குச் சராசரியாகத் தாமிரம் 28 கிராம், நியோடைமியம் 27 கிராம். இன்னொரு அருமண் தனிமமான சீரியம் 63 கிராம்! ஈயம்கூட 17தான். தங்கமோ ஒன்றரை மில்லிகிராம்.

பிறகு ஏன் அருமண்ணுக்கு இத்தனை திண்டாட்டம்? தாமிரத்தைச் சூடான நீர் கரைத்துக் கொண்டுபோய், கந்தகத்தோடு சேர்த்து ஓரிடத்தில் குவித்துவிடும். அருமண் தனிமங்கள் அப்படிக் குவிவது குறைவு. கூட்டத்தில் கரைந்த ஆள் மாதிரி, பல கனிமங்களுக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பதுங்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு ஒன்றுக்கொன்று அச்சு அசலாக நடந்துகொள்வதால் தனித்தனியாகப் பிரிப்பது பெரும்பாடு.

எங்கள் கரையில் அந்தக் குவிக்கும் வேலையை மழையும் அலையும் செய்திருக்கின்றன. மேற்கு மலைப் பாறை மக்கும்போது அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிறது. சோடியமும் கால்சியமும் கரைந்து கடலுக்குப் போய்விடுகின்றன. அருமண்ணைச் சுமக்கும் மோனசைட், சிர்க்கான், இல்மனைட் ஆகிய கனமான கனிமங்கள் அசைந்துகொடுப்பதில்லை. ஆறு அவற்றைக் கடலில் சேர்க்க, அலை லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு கனமானதைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. அரிசி புடைப்பதற்கு நேர் எதிர்: முறத்தில் தங்குவதுதான் கல்.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்தக் கரைக்கு வந்ததே, திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான். அவருக்கு வேண்டியிருந்தது அருமண் அல்ல, விளக்கு மேண்டிலுக்கான தோரியம் என்ற கதிர்வீசும் தனிமம். மோனசைட்டில் இரண்டும் ஒரே படிகத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதும் கூடவே வரும்.

அதனால்தான் "அரிதான வளம், உடனே தோண்டு" என்ற பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொருள் உலகமெங்கும் கிடக்கிறது. அரிதாக இருப்பது சுத்தமாகப் பிரிக்கும் திறனும், கதிர்வீசும் மிச்சத்தைப் பொறுப்பாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடும். இந்த மணலில் வலை காயப்போடுகிறவர்கள் "தோரியத்தை எங்கே வைப்பீர்கள், எத்தனை காலம்?" என்று கேட்டால், முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.