பித்தப்பை போனாலும் பித்தநாளம் இருக்கிறது

“பித்தப்பையையே எடுத்தாச்சு, இனி பித்த அடைப்பு வராது, காமாலை வந்தால் கீழாநெல்லி போதும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். பை வெறும் சேமிப்பு இடம். பை போன பிறகும் பித்தநாளம் வழியாகக் குடலுக்குப் பித்தம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன்) பையை எடுக்கும்போது சுமார் 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு அந்த நாளத்தில் காயம் படுகிறது. அரிதுதான், சரி. ஆனால் தழும்பு இறுகி நாளம் சுருங்கச் சில மாதங்கள், சிலருக்குப் பல வருடங்கள்கூட ஆகலாம். அதனாலேயே பழைய ஆபரேஷனோடு இதைச் சேர்த்து யோசிக்கத் தோன்றுவதில்லை. தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகும், மறுபடி மறுபடி காய்ச்சல் வரும், ஒவ்வொரு முறையும் தழும்பு கூடும். அப்படியே விட்டால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) வரை போகும், குடிப்பழக்கமே இல்லாதவருக்கும்.

ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் (பித்தநாளம் அடைத்தால் கூடும் ஒரு நொதி) ஏறியிருந்தால் எம்ஆர்சிபி ஸ்கேனில் (பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ) எங்கே சுருங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். அப்புறம் சுருங்கிய இடத்தை விரிக்கப் பலூன், திறந்தே வைக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய், இல்லையென்றால் நாளத்தைக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன். கீழாநெல்லி தழும்பை விரிக்காது. குளிர்நடுக்கக் காய்ச்சலும் காமாலையும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.