சிலபஸில் யூனிட் தலைப்பு மட்டும்தானா?

அண்ணா பல்கலைக்கழக சிலபஸில் ஐந்து யூனிட்களின் தலைப்புகள் மட்டுமே இருக்கும், எந்த யூனிட்டுக்கு எத்தனை பீரியட் என்பது ஆசிரியரின் விருப்பம் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லைங்க.

2021 ரெகுலேஷன் (அந்த ஆண்டின் பாடத்திட்ட விதிமுறை) சிலபஸில் வழக்கமான ஒரு தியரி பாடத்தை எடுத்துப் பாருங்கள். மேலே பாடக் குறியீடு, வலது ஓரத்தில் எல், டி, பி, சி என்ற எழுத்துகளுக்குக் கீழே 3 0 0 3. அதாவது வாரத்துக்கு 3 விரிவுரை பீரியட், டுடோரியலும் லேபும் இல்லை, 3 கிரெடிட். அப்புறம் பாட நோக்கங்கள். ஒவ்வொரு யூனிட் தலைப்புக்கும் நேரே 9 என்று அச்சாகியிருக்கும். அதுதான் பீரியட் கணக்கு. ஐந்து யூனிட்டும் முடிந்ததும் மொத்தம் 45 பீரியட் என்று தனி வரி வரும். அதன் பிறகு கற்றல் விளைவுகள், பாடநூல்கள், பார்வை நூல்கள்.

கணக்குப் பாடம் மாதிரி டுடோரியல் உள்ளவற்றில் எண் மாறும். ஆனால் அங்கும் அச்சில் இருக்கும்.

சரிபார்ப்பது சுலபம். பல்கலைக்கழக இணையதளத்தில் உங்கள் துறைக்கான சிலபஸ் பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் உங்கள் பாடக் குறியீட்டைத் தேடி, யூனிட் தலைப்பு வரியின் வலது முனையைப் பாருங்கள்.